புதுத் தராசும் பழைய நோட்டும்

அமெரிக்காவில் துப்பாக்கி சுடுவோரில் ஒரு சாரார் தோட்டாவைக் கடையில் வாங்குவதில்லை. சுட்டுத் தீர்ந்த பித்தளைக் கூடுகளைப் பொறுக்கி வந்து, தீப்பொறி தரும் கேப்பை மாற்றி, வெடிமருந்தை நிறுத்துப் போட்டு, குண்டைப் பொருத்தித் தாங்களே தயாரித்துக்கொள்கிறார்கள். இதற்கு ரீலோடிங் என்று பெயர். செலவு குறையலாம்; ஆனால் தன் துப்பாக்கிக்கு எது ஒத்துப்போகிறதோ அதைத் தானே கண்டுபிடித்துச் செய்வதில்தான் இவர்களுக்கு ருசி. மருந்தின் கணக்கு கிரெயினில். நம் எட்டு கிராம் பவுன் ஏறத்தாழ 123 கிரெயின். கைத்துப்பாக்கித் தோட்டா பலவற்றுக்கு நாலைந்து கிரெயின் மருந்தே போதும். அதில் 0.1 கிரெயின் பிசகினால் சுமார் இரண்டு சதவீதம். நாற்பது கிரெயின் பிடிக்கும் ரைஃபிள் தோட்டாவிலோ அதே பிசகு கால் சதவீதம்தான்.

இவர்களிடம் ஒரு வழக்கம் உண்டு. எலக்ட்ரானிக் தராசு சில வருடம் உழைத்து எண்கள் தடுமாறத் தொடங்கினால், அதைத் தூக்கிப் போட்டுவிட்டு, இன்னும் ஒரு தசம இடம் கூடுதலாகக் காட்டும் புதியதை வாங்குவது. இதில் பாதி நியாயம்.

நியாயமான பாதி இது. மலிவான தராசுகளுக்குள் இருப்பது ஒரு சின்ன அலுமினியக் கட்டை. அதன்மேல் ஒட்டிய மெல்லிய உலோக இழைகள் எடை ஏறும்போது நீளும். அதனால் மாறும் மின்தடையைத்தான் திரை எடையாகக் காட்டுகிறது. ஒட்டிய பசை நாளடைவில் தளரும். அறையின் சூடும் மின்விசிறிக் காற்றும் எண்ணை நகர்த்தும். ஒருமுறை கைதவறிக் கீழே விழுந்தால் கட்டை நிரந்தரமாக வளைந்தும் போகலாம். இவ்வளவு நடந்தும் திரை பளிச்சென்றே எண்ணைக் காட்டிக்கொண்டிருக்கும். அதனால் அனுபவசாலிகள் வெறும் தட்டை வைத்துப் பூஜ்யமாக்கியதும், அதைத் தூக்கினால் திரை காட்டும் கழித்தல் எண்ணைக் குறித்துக்கொள்வார்கள். தட்டின் எடை மாறப்போவதில்லை. வேலைக்கு நடுவே அந்த எண் மாறியிருந்தால் தராசு நகர்ந்துவிட்டது என்று பொருள். அடிக்கடி நகர்கிற தராசை வைத்துக்கொண்டு மாரடிப்பதைவிட மாற்றுவது மேல்.

கோளாறான பாதி, தராசை மட்டும் மாற்றிவிட்டு நோட்டை அப்படியே வைத்துக்கொள்வது. ரீலோடிங் செய்பவரின் உண்மையான சொத்து அந்த நோட்டு. குறைந்த அளவில் ஆரம்பித்துப் படிப்படியாக ஏற்றி, கூட்டின் அடியிலும் கேப்பிலும் அழுத்தத்தின் அறிகுறி தெரிகிறதா என்று பார்த்துப் பார்த்துச் சேர்த்த எண்கள் அவை. ஆனால் அவை பழைய தராசின் எண்கள். அது எப்போதும் 0.3 கிரெயின் கூட்டிக் காட்டிவந்தது என்று வைத்துக்கொள்வோம். நோட்டில் 42.0 என்றிருப்பது உண்மையில் 41.7. சரியான புதுத் தராசில் 42.0 நிறுத்துப் போட்டால், இதுவரை சோதிக்காத அளவு கூட்டுக்குள் போகிறது. உச்ச வரம்பை ஒட்டிய அளவென்றால் இது விளையாட்டல்ல. அங்கே மருந்து ஏறும் விகிதத்தைவிட அழுத்தம் வேகமாக ஏறும். பழையது குறைத்துக் காட்டியிருந்தால் ஆபத்தில்லை. ஆனால் நேற்றுவரை ஒரே இடத்தில் விழுந்த குண்டுகள் இன்று சிதறலாம், காரணம் பிடிபடாது. ஆகவே பழையதைக் குப்பையில் போடுமுன் ஒரே எடைக்கல்லை இரண்டிலும் வைத்துப் பார்க்க வேண்டும். பழையது செத்தே போயிருந்தால், கீழிருந்து மறுபடி ஏறிவருவதைத் தவிர வழியில்லை. இதைச் சொல்ல வேண்டிய விற்பனைக்காரர்கள் தசம இடங்களைப் பற்றித்தான் பேசுகிறார்கள்.

அந்தத் தசம இடங்களும் எல்லோருக்கும் தேவைப்படுவதில்லை. துப்பாக்கியை மேசைமேல் தாங்கி வைத்துச் சுடும் பெஞ்ச்ரெஸ்ட் போட்டிகளில் 100, 200 யார்டு தூரத்தில் ஒரே ஓட்டையில் ஐந்து குண்டு போடுகிறவர்கள் பலர், மைதானத்திலேயே மருந்தை அளவுக் கருவியில் கொள்ளளவாக அளந்து போடுகிறார்கள், தராசைத் தொடுவதேயில்லை. ஆயிரம் யார்டு சுடுவோர் கதை வேறு. வேகத்தின் சிறு வேறுபாடும் அங்கே இலக்கில் மேல்கீழாகத் தெரியும். ஏ அண்ட் டி நிறுவனத்தின் எஃப்எக்ஸ்-120ஐ போன்ற, 0.02 கிரெயின் வரை காட்டும் ஆய்வகத் தராசுக்கு அவர்கள் நூற்றுக்கணக்கில் டாலர் கொடுப்பதில் அர்த்தமிருக்கிறது.

பழைய கோல் தராசுக்கே திரும்பிவிடலாம் என்பவர்களும் உண்டு. ஆர்சிபிஎஸ் 5-0-5 போன்றவற்றுக்கு மின்சாரம் வேண்டாம், சூடேறக் காத்திருக்க வேண்டாம். கோலின் ஆட்டத்தைக் காந்தமே அடக்கிவிடும். ஆனால் மெதுவானது; கண்ணைக் குறிக்கு நேராக வைக்காவிட்டால் பிசகும்; கோலைத் தாங்கும் கத்திமுனையில் தூசி படிந்தால் கோல் சோம்பும். தினசரி வேலைக்கு நான் அதைச் சிபாரிசு செய்யமாட்டேன். ஆனால் எலக்ட்ரானிக் தராசின் மேல் சந்தேகம் வரும்போது சாட்சிக்குக் கூப்பிட, அதைவிட நல்லது இல்லை.

எடைக்கல் விஷயத்தில் தயாரிப்பாளர்கள் செய்வது அரைகுறை வேலை. தராசைச் சரிபார்க்கப் பெரும்பாலும் 50 கிராம் கல்லைத் தருகிறார்கள். அது சுமார் 772 கிரெயின். நிறுக்கப்போவதோ ஐந்தோ நாற்பதோ. 772-இல் ஒழுங்காக இருக்கும் தராசு ஐந்திலும் அப்படியே இருக்கும் என்று எந்த உத்தரவாதமும் இல்லை. தான் போடும் அளவை ஒட்டிய சின்னக் கற்கள் கொண்ட ஒரு பெட்டியைத் தனியாகத்தான் வாங்க வேண்டியிருக்கிறது. நூறு, இருநூறு யார்டு சுடுகிறவர் விலையுயர்ந்த தராசுக்கு ஒதுக்கிய பணத்தில் முதலில் அதை வாங்கட்டும். தராசு நடுத்தரமானதே போதும்.