ஜொகூர் உறுமி: தோட்டத்திலிருந்து தாமானுக்கு

ஜொகூர் மாநிலத்தின் இசை என்று பேச்செடுத்தால் கஸலும் சாப்பின் என்ற நடன இசையும்தான் முன்னுக்கு வரும். ஜொகூர் கஸலைக் கேட்கும் தமிழருக்கு அது அந்நியமாகத் தோன்றாது. வரிகள் மலாய்ப் பந்துன். பாட்டை நடத்திச் செல்வதோ ஆர்மோனியமும் தபேலாவும். கூடவே வயலின், காம்புஸ், கிட்டார். இந்திய வணிகர்களும் பார்சி நாடகக் குழுக்களும் 19ஆம் நூற்றாண்டில் இக்கருவிகளை இப்பக்கம் கொண்டுவந்தார்கள் என்பது ஆய்வாளர் பலரின் கருத்து. ரியாவ்-லிங்கா அரண்மனை வட்டாரத்திலிருந்து ஜொகூர் வந்த கஸல், பாக் லோமாக் என்று அழைக்கப்பட்ட ஹாஜி மூசா யூசோப் போன்றவர்களின் கையில் வளர்ந்தது. இன்று 'யாயாசான் வாரிசான் ஜொகூர்' அதைப் பேணுகிறது. பேணட்டும், அது பேண வேண்டிய இசைதான்.

ஆனால் இதே மண்ணுக்கு அரண்மனை வாசலை மிதிக்காமல் வந்த இன்னோர் இந்திய இசையும் உண்டு. ரப்பருக்கு விலை ஏறிய காலத்தில் கங்காணிகள் தமிழகத்திலிருந்து ஆள்கட்டி அழைத்துவந்தார்கள். 1938இல்தான் அது நின்றது. குளுவாங், ரெங்கம், லாபிஸ், சிகாமட், கூலாய் வட்டாரத் தோட்டங்களில் லயங்கள் எழுந்தன. லயத்தை ஒட்டி ஒரு மாரியம்மன், காட்டோரம் ஒரு முனியாண்டி. சாமி வந்த இடத்துக்குப் பறையும் பம்பையும் உடுக்கையும் உறுமியும் வந்தன. கூடவே சாதியும் கப்பலேறி வந்தது. சாவுக்கு அடித்தவர்களை விருந்துக்குத் தள்ளி உட்காரவைத்த வழக்கம் கித்தாக்காட்டிலும் தொடர்ந்தது.

அந்த வழக்கத்தை எதிர்த்த குரல்களும் மேடையையும் பாட்டையும்தான் நாடின. பெரியார் 1929இலும் 1954இலும் மலாயா வந்தார். 1952இல் இதழாசிரியர் கோ. சாரங்கபாணி தொடங்கிய தமிழர் திருநாள், சிங்கப்பூரிலும் மலாயாவிலும் பாட்டையும் நாடகத்தையும் சீர்திருத்தத்தின் கருவியாக்கியது. இடையில் 1943இல் நேதாஜி சிங்கப்பூர் வந்தபோது, பால்மரம் வெட்டிய கைகள் பல இந்திய தேசிய ராணுவத்தின் அணிநடைப் பாட்டுக்குத் தாளம் போட்டன.

உறுமியின் பெரிய எழுச்சி நடந்தது தோட்டங்கள் உடைந்த பிறகுதான். ரப்பர் போய்ச் செம்பனை வந்தது. செம்பனை நின்ற நிலத்திலும் தொழிற்சாலையும் வீடமைப்பும் வந்தன. லயத்துச் சனம் மாசாய், ஸ்கூடாய், பாசிர் கூடாங் பக்கத்துத் தாமான்களுக்கும் அடுக்குமாடிகளுக்கும் சிதறியது. பெரட்டுக் களமும் கோயில் திடலும் போனபின் இளைஞர்களைக் கூட்டிவைக்க மிஞ்சியது உறுமி மேளக்குழு. இரண்டு முகம் கொண்ட உறுமியின் ஒரு முகத்தை வளைந்த குச்சியால் தேய்க்க வேண்டும்; தோல் அழுவது போல இழுத்து முனகும். மறு முகத்தை நேர்க்குச்சியால் அடிக்க வேண்டும். தேய்ப்பும் அடியும் சேர்ந்து வேகம் கூடும்போது காவடிக்காரரின் கால் தானாக எழும். புத்தகம் பார்த்துக் கற்கும் வித்தையல்ல இது. அண்ணன் அடிக்கத் தம்பி பக்கத்தில் நின்று கைப்பழக்கமாக வாங்க வேண்டும்.

ஒரு காலத்தில் சாதியின் அடையாளமாக ஒதுக்கப்பட்ட தோற்கருவியை இன்று எல்லா வீட்டுப் பிள்ளைகளும் போட்டி போட்டுத் தோளில் மாட்டுகிறார்கள். மேடைச் சீர்திருத்தம் பேசிப் பேசிச் சாதிக்க முயன்றதில் ஒரு பங்கை இந்த மேளம் சத்தமில்லாமல் செய்து முடித்திருக்கிறது என்பது என் உறுதியான எண்ணம்.

எதிர்ப்பும் இல்லாமல் இல்லை. சினிமா மெட்டு வாசிக்கிறார்கள், குண்டர் கும்பலுக்கு இடம் கொடுக்கிறார்கள் என்று ஆலய நிர்வாகங்களும் சமய அமைப்புகளும் கட்டுப்பாடுகளை முன்வைத்து வந்திருக்கின்றன. சன்னதியில் எது பொருந்தும் என்று கேட்பது நியாயம். மேளம் தூக்கிய பையனையெல்லாம் சந்தேகத்தோடு பார்ப்பது அநியாயம்.

சிங்கப்பூரோடு இணைக்கும், 1924இல் திறந்த கடற்பாலத்துக்கு இந்தப் பக்கம் ஜொகூர் பாருவில் தைப்பூசம் என்றால் மாநில விடுமுறை, தெருவெல்லாம் மேளம். அந்தப் பக்கம் சிங்கப்பூரில் 1973 முதல் தைப்பூச ஊர்வலத்தில் இசைக்கருவிகளுக்குத் தடை. 2015இல் மேளம் தொடர்பாக எழுந்த கைகலப்பில் மூவர் கைதாயினர். மறு ஆண்டுதான் ஊர்வலப் பாதையில் மூன்று இடங்களில் நேரடி இசைக்கு அனுமதி கிடைத்தது. ஒரே மக்கள், ஒரே சாமி, ஒரே தாளம். பாலத்தின் எந்த முனையில் நிற்கிறோம் என்பதைப் பொறுத்து அது வழிபாடாகவோ ஒழுங்குப் பிரச்சினையாகவோ ஆகிவிடுகிறது.

மற்ற இசைகளைச் சுருக்கமாகவே சொல்கிறேன். ஜொகூர் பாரு வீடுகளில் மின்னல் எஃப்.எம்மோடு சிங்கப்பூர் ஒலி 96.8உம் கேட்கும். யோகி பி, நட்சத்திரா குழுவின் 'வல்லவன்' 2006இல் வந்து, மலேசியத் தமிழிலேயே ராப் பாடலாம் என்று காட்டியது. அதே ஆண்டில்தான் தென் ஜொகூரில் இஸ்கந்தர் வளர்ச்சித் திட்டம் தொடங்கியது. அடுத்த ஆண்டு நவம்பர் 25 அன்று, இந்தியர் உரிமை கோரிய ஹிண்ட்ராப் பேரணி கோலாலம்பூரைக் குலுக்கியது. நிலம் இழந்த ஒரு தலைமுறையின் கோபம் பாட்டிலும் தெருவிலும் ஒரே காலத்தில் வெளிப்பட்டது தற்செயலாக எனக்குப் படவில்லை.

கஸலுக்குக் கிடைத்த அக்கறையில் கால்பங்காவது தோட்டத்து மேளத்துக்கும் கிடைக்க வேண்டும். தோட்டங்களில் பறையும் உறுமியும் வாசித்தவர்களில் உயிரோடிருப்போர் இன்று முதியவர்கள். உங்கள் வீட்டிலோ தாமானிலோ அப்படி ஒரு தாத்தா இருந்தால், கைப்பேசியை எடுத்து அவர் வாசிப்பதைப் பதிவு செய்யுங்கள். எந்தத் தோட்டம், எந்தச் சாமிக்கு எந்த அடி, யாரிடம் கற்றார் என்று கேட்டு எழுதி வையுங்கள். அடுத்த தைப்பூசத்துக்கு முன்பே செய்யுங்கள்.