பாத்திரப் படைப்பும் நம்பகத்தன்மையும்: தகழியின் ‘செம்மீன்’

முன்னுரை

புனைகதையின் கட்டுக்கோப்பு எத்துணைச் செம்மையாக அமைந்தாலும், அதில் இயங்கும் மாந்தர் வாசகர் மனத்தில் உயிர்பெறாவிடில் அப்படைப்பு நிலைபெறுவதில்லை. மாந்தரின் நம்பகத்தன்மையைத் தோற்ற வருணனை, குணநலன்கள், வட்டாரப் பேச்சு ஆகியவற்றைக் கொண்டு அளப்பது பொதுவான வழக்கம். இவை புறக்கூறுகளே. மாந்தரின் செயலுக்கு அவர்தம் வாழ்விலிருந்தே காரணம் பிறக்கிறதா என்பதே முதன்மையான அளவுகோலாகும். தகழி சிவசங்கரப் பிள்ளையின் ‘செம்மீன்’ (1956) நாவலின்வழி இதனை நிறுவ இக்கட்டுரை முயல்கிறது.

மலையாளத்தில் எழுதப்பெற்று, 1957ஆம் ஆண்டுச் சாகித்திய அக்காதெமி விருதினைப் பெற்ற இந்நாவலைச் சுந்தர ராமசாமி தமிழாக்கினார். மீனவப் பெண் கறுத்தம்மாவுக்கும் இசுலாமியச் சிறுவணிகன் பரீக்குட்டிக்கும் இடையே முகிழ்த்த நிறைவேறாக் காதலின் கதையாகவே இது பெரிதும் அறியப்படுகிறது. எனினும் நாவலின் நிகழ்வுகளை உந்திச் செல்பவன் கறுத்தம்மாவின் தந்தை செம்பன்குஞ்சுவே ஆவான்.

செம்பன்குஞ்சு

முழுமையான மாந்தர் வாசகரை வியப்பில் ஆழ்த்த வேண்டும். அவ்வியப்பு நம்பத்தக்கதாகவும் இருக்க வேண்டும் என்பது 1927இல் இ. எம். பார்ஸ்டர் முன்வைத்த கருத்து. செம்பன்குஞ்சு இதற்குப் பொருந்தி வருகிறான். பிறர் வள்ளத்தில் உழைப்பவனுக்குச் சொந்த வள்ளமும் வலையும் வேண்டும் என்னும் ஆசை இயல்பானது. அதற்காகப் பரீக்குட்டியிடம் உதவி பெறுகிறான். வள்ளம் கைக்கு வந்தபின் அதே பரீக்குட்டியிடமே மீனுக்கு ரொக்கம் கேட்கிறான். வாசகர் அதிர்ச்சியடைகின்றனர், ஆயினும் நம்ப மறுப்பதில்லை. ஏனெனில் வறுமையில் சிக்கனம் எனத் தோன்றிய பண்பே, வசதி வந்ததும் பேராசையாக வெளிப்படுகிறது. மனைவி சக்கி இறந்தபின், தான் வாங்கிய வள்ளத்தின் முன்னாள் உரிமையாளருடைய விதவை பாப்பிக்குஞ்ஞுவை மணப்பதும், இறுதியில் மனம் பேதலிப்பதும் அவ்வாசையின் தொடர்ச்சியே எனலாம்.

பழனி

கரையிலிருக்கும் மனைவியின் கற்பே கடலுக்குச் சென்றவனைக் காக்கும் என்பது நாவலில் இடம்பெறும் கடற்கரை மக்களின் நம்பிக்கை. கறுத்தம்மாவைப் பற்றிய பழிச்சொல் பரவியதும், அவள் கணவன் பழனியைத் தம் வள்ளத்தில் ஏற்றப் பிறர் அஞ்சுகின்றனர். பலர் கூடிச் செய்யவேண்டிய தொழிலை அவன் தனியே மேற்கொள்ள நேர்கிறது. தூண்டிலில் சிக்கிய சுறாவே அவனை இழுத்துச் செல்கிறது. இம்மரணத்தைக் கடலன்னையின் தண்டனையாகவும் கொள்ளலாம். ஊரார் ஒதுக்கியதன் விளைவாகவும் கொள்ளலாம். தொன்மத்தை ஏற்காத வாசகரும் பழனியின் முடிவை நம்புவதற்கு இப்பின்னணியே காரணமாகிறது.

பரீக்குட்டி

இவ்வளவுகோலை மேற்கொண்டால் பரீக்குட்டியின் படைப்பில் குறை தென்படுகிறது. அவன் வணிகன், கடனில் மூழ்கித் தொழிலை இழப்பவன். இருப்பினும் வணிகனுக்குரிய கணக்கும் தயக்கமும் அவனது காதலோடு எங்கும் மோதுவதில்லை. கொடுத்தது திரும்பாதபோது எழ வேண்டிய சினமும் வலுவாக வெளிப்படவில்லை. கடற்கரையில் அவன் பாடும் பாடல் வாசகர் நெஞ்சில் நிற்கிறது. ஆனால் அவன் துயரின் குறியீடாக நிற்கும் அளவுக்கு மனிதனாக நிற்கவில்லை.

முடிவுரை

தொல்காப்பியர் கருப்பொருள்களுள் ஒன்றாகத் தொழிலையும் வைத்துள்ளார். செம்மீனில் தொழில் வெறும் பின்புலமன்று. மாந்தரின் ஆசையையும் அச்சத்தையும் உருவாக்கும் ஆற்றலாக அமைகிறது. தொழிலும் உள்ளமும் ஒன்றையொன்று தாக்கும் இடங்களில் செம்பன்குஞ்சுவும் பழனியும் உயிர்பெறுகின்றனர். அத்தாக்கம் குன்றிய இடத்தில் பரீக்குட்டி மங்குகிறான். ஆகவே, மாந்தரின் குணங்களைத் தொகுப்பதோடு நில்லாமல், அவர் எதை வேண்டினார், அதற்கு எதனை விலையாகக் கொடுத்தார் என்பதைப் பாத்திரப் படைப்பு ஆய்வுகள் வினவுதல் வேண்டும்.