குறத்தியும் கோப்பர்நிக்கஸும்

கிறிஸ்தவம், விஞ்ஞானம் என்று சேர்ந்தாற்போல் பேச்சு வந்தால் நம் நண்பர் வட்டத்தில் இரண்டு சூத்திரங்கள் தயாராக இருக்கின்றன. ஒன்று, கலிலியோவைக் காட்டி, விசுவாசம் விசாரணைக்கு விரோதி என்பது. மற்றது, மிஷன் பள்ளிக்கூடங்களைக் காட்டி, பாதிரிமார் வராவிட்டால் நமக்கு விஞ்ஞானமே கிடைத்திருக்காது என்பது. முதலாமவர்கள் 1633ல் ரோமாபுரியில் நடந்த விசாரணையைத் தஞ்சாவூரில் நடந்ததாகவே பாவித்துக்கொள்கிறார்கள். இரண்டாமவர்கள் நூற்றாண்டு விழா மலர்களில் எழுதுகிறவர்கள். இரண்டு கட்சியாரும் ஒரு தமிழ்ப் பிரதியையாவது பிரித்துப் பார்த்துவிட்டுப் பேசுவதாகத் தெரியவில்லை. வத்தலக்குண்டில் வளர்ந்த சி.சு. செல்லப்பா 'அலசல்' என்று சொல்லிச் சொல்லித் தொண்டை வறண்டதுதான் மிச்சம்.

நான் ஞாயிறுதோறும் கோயிலுக்குப் போகிறவன். இந்தப் பத்திரிகையில் இதைச் சொல்வதில் எனக்குக் கொஞ்சம் கூச்சம் இருக்கிறது. இங்கே எழுதுகிறவர்களில் பலர் கடவுளை இருபது வயதிலேயே முடித்துவிட்டவர்கள். ஆனாலும் சொல்லியாக வேண்டும். ஏனெனில் நான் அங்கே பாடுகிற கீர்த்தனைகளில் கணிசமானவை தஞ்சை வேதநாயக சாஸ்திரியாருடையவை, நான் இங்கே பேச வந்ததும் அவருடைய 'பெத்லகேம் குறவஞ்சி'யைப் பற்றித்தான். வாயால் பாடிய கவியைக் கையால் அலசுவது சங்கடமான காரியம்.

1774ல் திருநெல்வேலியில் பிறந்தவர் சாஸ்திரியார். சிறுவனாகவே சுவார்ட்ஸ் ஐயர் அவரைத் தஞ்சாவூருக்கு அழைத்துப்போனார். தரங்கம்பாடியிலும் படித்தார். ஜெர்மனியின் ஹாலேயிலிருந்து வந்த லுத்தரன் போதகர்கள் வேதபாடத்தோடு கணிதமும் பூகோளமும் வானசாஸ்திரமும் சொல்லிக்கொடுத்த காலம் அது. 1800ஐ ஒட்டி அவர் பாடிய குறவஞ்சியில் தலைவி தேவமோகினி. தலைவன் பெத்லகேம் நாதர். குறத்தி விசுவாசத்தின் உருவகம். பறவை பிடிக்கும் சிங்கன் ஆத்துமாக்களைப் பிடிக்கிறான். இந்தச் சட்டகத்துக்குள் சாஸ்திரியார் புராண பூகோளத்தை எடுத்துவிட்டு நவீன பூகோளத்தை வைக்கிறார். பூமி சூரியனைச் சுற்றுகிற கோப்பர்நிக்கஸின் வானத்தையும் கொண்டுவருகிறார். ஏழு கடல், மேரு மலை என்று கேட்டுப் பழகிய காதுக்கு 1800ல் இது சாதாரண விஷயமில்லை. தமிழ்க் கவிதையில் சூரியன் முதன்முதலாக ஓரிடத்தில் நின்றது ஒரு குறவஞ்சியில் என்றால் அது நம்மில் பலருக்குச் செய்தியாகவே இருக்கும்.

ஆனால் கவிதை என்ற அளவில் என்ன நடக்கிறது? ஒரு ஜாபிதா நடக்கிறது. கண்டங்கள், நாடுகள், கிரகங்கள் என்று வரிசை வரிசையாக வருகின்றன. குறவஞ்சி உருவமே ஜாபிதாவுக்கு இடம் தருவதுதான். மலைவளம், நாட்டுவளம், பறவைகளின் பெயர்கள் என்று அடுக்கிக்கொண்டு போவது அதன் சம்பிரதாயம். சாஸ்திரியார் அந்தப் பழைய பெட்டியில் புதிய சரக்கை வைத்தார். சரக்கு புதிது, அடுக்கிய விதம் பழையது.

எனக்குள்ள ஆட்சேபணை அதுவல்ல. யோசுவாவின் ஆகமத்தில் சூரியன் கிபியோன் மேல் தரித்து நின்றது என்று வாசிக்கிற மனுஷன், சூரியன் நகர்வதே இல்லை என்றும் பாடுகிறான். இரண்டும் அவனுக்குள் சந்தித்திருக்க வேண்டும். சந்தித்த சத்தம் கவிதையில் கேட்கவில்லை. ஐரோப்பா ஒரு நூற்றாண்டு பட்ட காயத்தின் தழும்புகூட இங்கே இல்லை. ஏன் என்றால், சாஸ்திரியாருக்கு வேதமும் வானமும் ஒரே வாயிலிருந்து வந்தவை. குரு சொன்னார், சீஷன் பெற்றுக்கொண்டான். கோப்பர்நிக்கஸும் ஒரு வெளிப்பாடாகவே வந்து சேர்ந்தார். சந்தேகப்படாமல் பெற்றுக்கொண்ட உண்மை, உண்மையாகவே இருந்தாலும், விசாரணை ஆகாது. இந்தக் குறவஞ்சியில் விசுவாசம் விஞ்ஞானத்தை எதிர்க்கவில்லை. விஞ்ஞானத்தையும் விசுவாசமாக மாற்றி விழுங்கிவிட்டது.

இதற்குப் பக்கத்தில் இன்னொன்றை வைத்துப் பார்க்க வேண்டும். சாஸ்திரியாருக்கு வாய்த்த அதே சுவார்ட்ஸ் ஐயரின் பராமரிப்பில் வளர்ந்த மராத்தி ராஜகுமாரன் 1798ல் பட்டத்துக்கு வந்த இரண்டாம் சரபோஜி. அவர் பெயரில் மராத்தியில் ஒரு 'தேவேந்திரக் குறவஞ்சி' இருக்கிறது. அதிலும் குறத்தி உலக பூகோளம் சொல்கிறாள்! ஐரோப்பாவும் ஆசியாவும் பாட்டாக வருகின்றன. கிறிஸ்து மட்டும் வருவதில்லை. சரபோஜி கடைசிவரை இந்துவாகவே இருந்தார். ஆக, புதிய உலகப் படம் விசுவாசத்தின் வாலைப் பிடித்துக்கொண்டுதான் வந்தது என்ற விழா மலர் வாதம் தஞ்சாவூர் அரண்மனை வாசலிலேயே தடுக்கி விழுகிறது. ஒரே குரு, ஒரே பூகோளம், ஒரே உருவம். தெய்வம் மட்டும் வேறு.

சத்தம் கேட்க வேண்டுமானால் கடல் தாண்டி யாழ்ப்பாணத்துக்குப் போக வேண்டும். வட்டுக்கோட்டையில் 1823ல் அமெரிக்க மிஷன் தொடங்கிய செமினரியில் டேனியல் பூவர் வானசாஸ்திரம் சொல்லிக்கொடுத்தார். (பின்னால் 1830களில் நம் மதுரைக்கும் வந்து பள்ளிக்கூடங்கள் நடத்தியவர் இவரே.) 1829 மார்ச் 20ந் தேதி சந்திர கிரகணம். பஞ்சாங்கம் கணித்தவர் அராலி விசுவநாத சாஸ்திரியார். பூவரின் கணக்கு வேறு. கிரகணம் தொடங்கும் நேரத்திலேயே இருவருக்கும் கால் மணி வித்தியாசம். நீடிக்கும் நேரத்திலும், மறைபடும் அளவிலும் வித்தியாசம் இருந்தது. ஊரே பார்க்க, சந்திரன் பூவர் பக்கம் சாட்சி சொன்னது.

இந்த அராலி சாஸ்திரியாரும் குறவஞ்சிக் கவிராயர்தான். 'வண்ணைக் குறவஞ்சி'யும் 'நகுலமலைக் குறவஞ்சி'யும் அவர் பாடியவை. தஞ்சாவூர் சாஸ்திரி கணக்குப் போடாமல் சரியான வானத்தைப் பாடினார். அராலி சாஸ்திரி கணக்குப் போட்டுக் கால் மணி பிசகினார். இவர்களில் யாரை விஞ்ஞானி என்பது? நான் யோசிக்காமல் அராலிக்காரரைத்தான் சொல்வேன். அவர் ஒரு முன்னறிவிப்பைச் செய்து, அது பொய்க்கக்கூடிய இடத்தில் போய் நின்றார்.

நான்கு வருஷம் முந்தி, 1825ல், புதுச்சேரியில் ஜான் வாரன் என்பவர் ஒரு தமிழ்ப் பஞ்சாங்கக்காரரைக் கிரகணம் கணிக்கச் சொல்லிப் பார்த்ததும் இத்துடன் சேர்த்து நினைக்கத்தக்கது. மனப்பாடமான வாய்பாடுகள், தரையில் பரப்பிய சோழிகள், இவ்வளவுதான் உபகரணம். தொடக்கத்தில் 4 நிமிஷப் பிழை, நடுவில் 23, முடிவில் 52. பிழைதான். ஆனால் காகிதமில்லாமல், ஆயிரம் வருஷம் கைமாறி வந்த எண்களை வைத்துக்கொண்டு, இத்தனை கிட்டத்தில் வருவது எப்படிப்பட்ட காரியம் என்பதை இரண்டு காலம் எண்களைக் கூட்டிச் சரிபார்ப்பதே தொழிலாக உள்ள எனக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை.

பூவர் செய்த பிழை கணிதத்தில் இல்லை. எண்கள் தேய்ந்துபோயின என்பதிலிருந்து தெய்வம் பொய் என்பதற்குத் தாவியதில் இருக்கிறது. இந்தத் தாவல் எந்தத் தர்க்க சாஸ்திரத்திலும் செல்லாது. தவிர, கத்திக்குக் கைப்பிடி இரண்டு பக்கமும் உண்டு. புத்தகத்தைச் சோதித்துப் பார் என்று கற்றுக்கொண்ட பையன் உங்கள் புத்தகத்தையும் சோதிப்பான். வட்டுக்கோட்டையில் படித்த சி.வை. தாமோதரம்பிள்ளை கிறிஸ்தவக் குடும்பத்துப் பிள்ளை. 1857ல் சென்னை சர்வகலாசாலையின் முதல் பி.ஏ. பட்டதாரிகள் இருவரில் ஒருவர். மற்றவர் விசுவநாதபிள்ளை, அவரும் அங்கே படித்தவர். இரண்டு பேருமே சைவத்துக்குத் திரும்பினார்கள். செமினரியையோ மிஷன் மேலிடம் 1855லேயே மூடிவிட்டது. கல்வியை எடுத்துக்கொண்டு பையன்கள் உத்தியோகத்துக்குப் போகிறார்கள், ஊழியத்துக்கு வருவதில்லை என்பது குறை. மீனை எதிர்பார்த்துப் போட்ட தூண்டிலில் இரை மட்டும் போய்விட்டது என்று நம் நாத்திக நண்பர்கள் சிரிக்கலாம். நான் அதில் வேறொன்றைப் பார்க்கிறேன். தாமோதரம்பிள்ளை பிற்பாடு வீரசோழியத்தையும் கலித்தொகையையும் பதிப்பித்தபோது ஏட்டை ஏட்டோடு ஒப்பிட்டு, எதையும் சொன்னவர் வாக்குக்காக ஏற்காமல் நின்ற நிதானம் இருக்கிறதே, அது சைவமும் இல்லை, கிறிஸ்தவமும் இல்லை. அந்தக் கிரகண ராத்திரியின் பிள்ளை அது. பூவர் ஜெயித்தது இங்கேதான். அவர் விரும்பிய இடத்தில் இல்லை.

அதே யாழ்ப்பாணத்தில் டாக்டர் கிறீன் இருந்தார். 1847ல் வந்து, மானிப்பாயில் வைத்தியம் கற்பித்து, 1860களிலிருந்து அதைத் தமிழிலேயே கற்பித்தவர். 'கெமிஸ்தம்' 1875ல் வந்தது. அவரைப் பற்றிக் கட்டுரைகள் நிறைய இருக்கின்றன. எனக்கு அவரிடம் ஒன்றுதான் முக்கியம். அறிவை ஆயுதமாகவும் இரையாகவும் ஆக்காமல், இந்த பாஷை இதைத் தாங்கும் என்று நம்பி உட்கார்ந்து சொல் சொல்லாகச் செய்தார். அந்த நம்பிக்கைக்கும் அவருடைய பக்திக்கும் சம்பந்தம் உண்டு என்றே எனக்குப் படுகிறது. நிரூபிக்க முடியாது.

நிலக்கோட்டையிலிருந்து மேற்கே பார்த்தால் மலை தெரியும். பூ மார்க்கெட்டுக்கு மல்லிகை வந்து இறங்குகிற விடியற்காலையில் அது கருநீலமாக, பக்கத்தில் இருப்பதுபோல் தெரியும். அந்த மலைமேல் செண்பகனூரில் 1895லிருந்து சேசு சபையார் இருக்கிறார்கள். ஆங்லாட் பாதிரியார் பழனி மலையின் செடிகளை நீர்வண்ணத்தில் வரைந்தார்; மலையின் கல்திட்டைகளைத் தோண்டி, நியூட்டன் பாதிரியாருடன் (ஆப்பிள் நியூட்டன் அல்ல) 1928ல் நூல் எழுதினார். ஃபோரோ பாதிரியார் பாசிகளைப் பார்த்தார். பாசி என்றால் படிக்கட்டில் நாம் வழுக்கி விழுகிற பாசிதான். பழனி மலைப் பாசிகளைப் பற்றிய அவருடைய கட்டுரை 1961ல் வந்தது. ஒரு பாசிப் பேரினத்துக்கே 'ஃபோரோயெல்லா' என்று அவர் பெயர். அவருக்குப் பின் மேத்யூ பாதிரியார். 1999ல் வந்த பழனி மலைத் தாவர நூல் அவருடையது. இவர்களுடைய சபையைச் சேர்ந்த தெயார் த ஷார்டன் பரிணாமத்தையும் கிறிஸ்துவையும் ஒரே கோட்டில் வைத்து எழுதியதை அச்சிட மேலிடம் அனுமதிக்கவில்லை. 1955ல் அவர் இறந்த பிறகுதான் அது புத்தகமாயிற்று. பெரிய வாக்கியம் எழுதியவர் வாய் கட்டப்பட்டது. பாசியைப் பார்த்தவரை யாரும் ஒன்றும் கேட்கவில்லை. எந்தச் சபையிலும் இதுதான் நடைமுறை, இலக்கியச் சபைகள் உட்பட.

பாசியைப் பார்ப்பதில் வாதம் எதுவும் இல்லை. யாருடைய தெய்வமும் அதில் தோற்பதில்லை. லென்ஸைக் கண்ணோடு ஒட்டி, இலை நரம்பு உண்டா இல்லையா என்று முழங்கால் ஈரமாக உட்கார்ந்திருப்பதற்கும் ஜெபத்துக்கும் உருவ அளவில் எனக்கு அதிக வித்தியாசம் தெரியவில்லை. சாஸ்திரியாரின் ஜாபிதாவில் இல்லாதது இந்தக் கவனம்தான். ஆனால் இவர்கள் இந்தக் கவனத்தைப் பதிந்து வைத்தது லத்தீனிலும் ஆங்கிலத்திலும். தமிழுக்கு ஜாபிதா வந்தது, கவனம் வரவில்லை. தரங்கம்பாடிக்கு வந்த ராட்லர் செடிகளைச் சேகரித்தார், தமிழ் அகராதியும் செய்தார். அந்த ஒரே கையின் இரண்டு வேலைகள் பிறகு ஒரு தமிழ்க் கவியிடம் சேரவே இல்லை.

இன்னும் மேலே கோடைக்கானலில் 1899ல் ஏற்பட்ட சூரிய ஆராய்ச்சி நிலையம். அங்கே ஜான் எவர்ஷெட் 1909ல் சூரியப் புள்ளிகளின் விளிம்பில் வாயு வெளிநோக்கி ஓடுவதைக் கண்டார். அவர் மனைவி மேரியும் வானியல்காரர். தாந்தேயின் வானசாஸ்திரத்தைப் பற்றி ஒரு புத்தகம் எழுதினார். முதல் உலக யுத்தத்துக்குச் சற்று முன், கோடைக்கானலில் வாழ்ந்தபோது, வந்த புத்தகம். சூரியனைப் போட்டோ எடுக்கிற வீட்டில் உட்கார்ந்து, பூமி நடுவில் நிற்கிற கவிதையை ஒரு பெண் நட்சத்திரம் நட்சத்திரமாகச் சரிபார்த்திருக்கிறாள். தாந்தேயின் வானம் தவறு. சாஸ்திரியாரின் வானம் சரி. ஆனாலும் தாந்தேயில் நாம் அந்த வானத்தின் கீழ் நடக்கிறோம். ஏறினால் மூச்சு வாங்குகிறது, பொழுது விடிகிறது. தாந்தே தெரிந்துகொண்டதை எல்லாம் தன் உடம்பின் வழியாக விட்டு எடுத்தவன். சாஸ்திரியாருக்கு அதற்கு அவகாசம் இருக்கவில்லை. அவருக்கு வந்த உலகம் முப்பது வருஷத்தில் வந்தது. அவரைக் கைவிட என்னால் முடியாது. அவருடைய கீர்த்தனைகளில் அந்த உடம்பு இருக்கிறது: அழுகை, கெஞ்சல், தாளம். குறவஞ்சியில் வானம் ஒரு பக்கம் நின்றது, கீர்த்தனையில் மனுஷன் ஒரு பக்கம் நின்றான். இரண்டும் சேர்ந்த மூன்றாவது பாட்டை அவரும் எழுதவில்லை, அவருக்குப் பின் வந்தவர்களும் எழுதவில்லை. நம் புதுக்கவிதைக்காரர்கள் கருந்துளை, குவாண்டம், ஒளியாண்டு என்று அடைமொழி போடுவதையும் நான் சாஸ்திரியார் கணக்கிலேயே வரவு வைக்கிறேன். அவருக்குத் தாளமாவது தெரியும்.

2019 டிசம்பர் 26, கிறிஸ்துமஸுக்கு மறுநாள், எங்கள் பக்கத்தில் கங்கண சூரிய கிரகணம். காலை ஒன்பதரை மணியளவில் வெயில் ஒரு மாதிரி சாம்பல் பூத்தது. வேப்பமரத்தடியில், இலை இடுக்குகளில் விழுந்த வெளிச்சப் பொட்டுகள் ஒவ்வொன்றும் வளையமாக மாறியிருந்தன. முற்றம் முழுக்கச் சின்னச் சின்ன வளையங்கள். அத்தையைக் கூப்பிட்டேன். கோயில் பெண்கள் சங்கத்தில் முப்பது வருஷம் இருந்தவள். வாசற்படி தாண்டமாட்டேன் என்றுவிட்டாள். கிரகணம் விடும்வரை பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்கவில்லை. உள்ளேயிருந்தபடியே, "தரையில என்னமோ தெரியுதே, அது என்னடா தம்பி?" என்று கேட்டாள். நான் ஊசித்துளை பிம்பம், சந்திரன் தூரத்தில் இருப்பதால் சூரியனை முழுக்க மறைக்க முடியாதது எல்லாம் சொன்னேன். கேட்டுக்கொண்டாள். வளையங்கள் மறுபடி பிறையாகத் தேயும்வரை நிலைப்படியைப் பிடித்துக்கொண்டு பார்த்தபடியே நின்றாள்.