இடுக்குப் பள்ளத்தாக்கை எப்படி ரசிப்பது?

கேன்யனிங் என்றதும் கயிறும் குதிப்பும்தான் கண்முன் வரும். ஆறு குடைந்த குறுகிய பள்ளத்தாக்குக்குள் நடந்தும் நீந்தியும் கயிற்றில் இறங்கியும் போகிற சாகசம் அது. ஆனால் வழிகாட்டியோடு இரண்டு மூன்று நாள் காட்டில் தங்கிப் போகிறவர்களுக்குச் சாகசத்தைவிடப் பெரிய பரிசு ஒன்று உண்டு: பாறையில் தண்ணீர் செய்திருக்கும் வேலையை நிதானமாகப் பார்ப்பது.

அதற்கு உகந்த இடம் ஆஸ்திரேலியாவில் சிட்னிக்கு மேற்கே உள்ள புளூ மவுண்டன்ஸ். அதன் வடக்கே விரிந்து கிடக்கிறது வொல்லமை தேசியப் பூங்கா. இவை இரண்டும் அடங்கிய, 10 லட்சம் ஹெக்டேருக்கும் அதிகமான வனப்பரப்பை 2000-இல் யுனெஸ்கோ உலக மரபிடமாக அறிவித்தது. டிசம்பர் முதல் பிப்ரவரி வரை அங்கே கோடை. கேன்யனிங்குக்கும் அதுவே காலம்.

மேட்டிலிருந்தே பாருங்கள்

ரசனை தண்ணீரில் தொடங்குவதில்லை. மேட்டில் யூகலிப்டஸ் காடு வெயிலில் காயும். நடுநடுவே சதுப்புகள் இருக்கும். மழைநீரைப் பஞ்சுபோல உறிஞ்சி வைத்துக்கொண்டு மெல்லக் கசியவிடுபவை அவை. கோடையிலும் கீழே ஓடை வற்றாமல் இருப்பது இவற்றால்தான். சரிவில் இறங்க இறங்கக் காடே மாறும். வறண்ட இலைகள் மறைந்து, மரப்பெரணிகளும் பாசியும் ஈரமும் சூழ்ந்துகொள்ளும். அந்த மாற்றம் எங்கே தொடங்குகிறது என்று கவனியுங்கள்.

சுவரைப் படியுங்கள்

இங்குள்ள மணற்கல் 20 கோடி ஆண்டுகளுக்கும் மூத்தது. அதில் செங்குத்தாக ஓடிய வெடிப்புகளுக்குள் தண்ணீர் புகுந்தது. அடித்து வந்த மணலையும் கூழாங்கல்லையும் கொண்டே பாறையை அராவியது. சில இடங்களில் கைகளை விரித்தால் இரு சுவரையும் தொடலாம். அண்ணாந்து பாருங்கள். தலைக்கு வெகு மேலே வழுவழுப்பான குழிவுகள் தெரியும். ஒரு காலத்தில் ஓடை அந்த உயரத்தில் ஓடியது. மேலே போகப் போகப் பழைய காலம். இரு சுவர்களுக்கு நடுவே உயரத்தில் ஒரு மரத்துண்டு சிக்கியிருந்தால், வெள்ளம் அதுவரை ஏறியது என்று பொருள்.

வெளிச்சத்துக்குக் காத்திருங்கள்

நண்பகலில் சிறிது நேரமே வெயில் அடிவரை இறங்கும். பாறையின் செம்மஞ்சளும் பாசியின் பச்சையும் முழு நிறம் காட்டுவது அப்போதுதான். அந்த நேரத்தில் எங்கே நிற்கலாம் என்று வழிகாட்டியிடம் முன்னதாகவே கேட்டுவையுங்கள். இருண்ட ஈரச் சுவர்களில் நீலப்பச்சையாக மினுங்குபவை ஒருவகைச் சிறு பூச்சியின் புழுக்கள். இரையை ஈர்க்க அவை ஒளிர்கின்றன. டார்ச்சை அணைத்துவிட்டுப் பாருங்கள்.

குளிரையும் மழையையும் மதியுங்கள்

வெயில் எட்டாத தண்ணீர் கோடையிலும் சில்லென்றிருக்கும். நடுங்குகிறவரால் எதையும் ரசிக்க முடியாது. ஆகவே உடல் சூட்டைக் காக்கும் வெட்சூட் உடை கட்டாயம். அடிக்கடி ஏதாவது சாப்பிடுவதும் அவசியம். எங்கோ மேட்டில் பெய்யும் இடிமழை, வானம் தெளிந்திருக்கும் பள்ளத்தாக்கிலும் வெள்ளமாக வரலாம். அங்கே ஒதுங்க இடமில்லை. "இன்று வேண்டாம்" என்று வழிகாட்டி சொன்னால் மறுபேச்சில்லாமல் ஏற்றுக்கொள்ளுங்கள்.

தடம் விடாதீர்கள்

1994-இல் டேவிட் நோபிள் என்ற பூங்கா அலுவலர் வொல்லமையின் பள்ளத்தாக்கு ஒன்றில் இறங்கியபோது, பழக்கமில்லாத மரங்களைக் கண்டார். புதைபடிவங்களில் மட்டுமே அறியப்பட்டிருந்த ஒரு தொல்குடும்பக் கிளையின் உயிருள்ள வாரிசுகள் அவை. வொல்லமை பைன் எனப் பெயர் பெற்ற அவற்றில், முதிர்ந்தவை காட்டில் நூறுகூட இல்லை. 2019-20 காட்டுத்தீயில் தீயணைப்பு வீரர்கள் போராடி அவற்றைக் காத்தார்கள். அவை நிற்கும் இடம் இன்றும் ரகசியம். காலணியில் ஒட்டி வரும் மண்ணில் உள்ள நோய்க்கிருமி வேரை அழுகச் செய்யும் என்பதும் அதற்கு ஒரு காரணம்.

எனவே எந்தப் பள்ளத்தாக்குக்குப் போனாலும், இறங்கும் முன் காலணியை நன்றாகக் கழுவிக் காயவையுங்கள். ரசிகரின் முதல் கடமை அது.