தைராய்டு போயிருச்சு!

முகூர்த்த நாளில் திருநீர்மலைக்குப் போனால், கீழ்க் கோயிலில் நீர்வண்ணப் பெருமாள் நின்ற கோலத்தில் இருப்பதன் காரணம் புரியும். உட்கார இடம் கிடையாது. ஒரே முகூர்த்தத்தில் எத்தனை கல்யாணம் என்று மேளக்காரர்களுக்கே கணக்குத் தெரியாது. போன வாரம் உறவுக்காரப் பையன் கல்யாணம். டிபனை முடித்துவிட்டு மலைமேல் இருக்கும் மற்ற மூன்று கோலங்களையும் (கிடந்தார், இருந்தார், நடந்தார்) பார்த்துவிடலாம் என்று படியேறினேன். பாதி வழியில் பட்டுப்புடவையில் ஒரு அம்மா தூணில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். நாற்பத்தைந்து வயது இருக்கும். பெண் வீட்டுக்காரர், அனகாபுத்தூர்.

"மூச்சு வாங்குது சார். முன்னெல்லாம் ஒரே தம்ல ஏறிடுவேன்."

"சுகரா?" என்றேன். நம் ஊரில் முதல் கேள்வி அதுதானே.

"அதெல்லாம் இல்ல சார். தைராய்டு இருந்துச்சு. ஆறு மாசம் மாத்திரை போட்டேன். அப்புறம் டெஸ்ட் எடுத்தா எல்லாம் நார்மல். தைராய்டு போயிருச்சு. மாத்திரையை நிறுத்திட்டேன்."

இந்த வாரம் புத்தக விமரிசனம் கிடையாது. அந்த வாக்கியத்துக்குத்தான் விமரிசனம்.

தைராய்டு எல்லோருக்கும் இருக்கிறது. குரல்வளைக்குக் கீழே வண்ணத்துப்பூச்சி வடிவத்தில், ஏறக்குறைய 20 கிராம். அது சுரக்கும் தைராக்ஸின், உடம்பின் அடுப்பு எவ்வளவு வேகமாக எரிய வேண்டும் என்பதைத் தீர்மானிக்கிறது. குறைந்தால் உடம்பு மந்தமாகும். எடை கூடும், குளிர் தாங்காது, மலச்சிக்கல், படியேறினால் மூச்சு. அதிகமானால் நேர் எதிர். இளைப்பு, படபடப்பு, வியர்வை. இரண்டு எதிரெதிர் கோளாறுகளுக்கும் நாம் வைத்திருக்கும் ஒரே பெயர் 'தைராய்டு இருக்கு'. சமையலறையில் 'உப்பு' என்று மட்டும் கத்தினால் கூடவா குறைவா என்று எப்படித் தெரியும்?

இதற்குத் தமிழாசிரியர்கள் உடனே பெயர்ச்சொல்லைப் பிடித்துக்கொள்வார்கள். 'தைராய்டு என்று ஏன் சொல்ல வேண்டும், கேடயச் சுரப்பி என்று சொல்லலாமே.' சொல்லலாம். கிரேக்க மூலத்துக்கும் கேடயம் என்றுதான் பொருள். ஆனால் கேடயம் என்றதும் கழுத்தைக் காப்பாற்றுகிற வேலை என்று தோன்றுகிறதா இல்லையா? இலங்கைப் பாடப்புத்தகங்களில் பிட்யூட்டரிக்குக் கபச்சுரப்பி என்று பெயர். மிக விசுவாசமான மொழிபெயர்ப்பு, தப்பு உள்பட. மூளைக்கு அடியில் இருக்கும் அந்தப் பட்டாணியிலிருந்துதான் மூக்குச் சளி இறங்குகிறது என்று பழைய ஐரோப்பிய வைத்தியர்கள் நம்பினார்கள். லத்தீனில் கபம் என்று பொருள்படும் சொல்லைச் சேர்த்துப் பெயர் வைத்தார்கள். நம்பிக்கை போய்விட்டது. கபம் யாழ்ப்பாணத்தில் தங்கிவிட்டது.

நம் பக்கத்து 'நாளமில்லாச் சுரப்பி' இன்னும் விசேஷம். உமிழ்நீருக்குக் குழாய் உண்டு, தைராக்ஸினுக்குத் தனிக் குழாய் கிடையாது, நேராக ரத்தத்தில் கலக்கிறது என்பது பொருள். ஆனால் எட்டாம் வகுப்புப் பையனுக்கு ஏற்கெனவே தெரிந்த நாளம் ரத்த நாளம்தான். ஆகவே ரத்தக் குழாயே இல்லாத சுரப்பி என்று புரிந்துகொள்கிறான். உண்மையில் உடம்பிலேயே ரத்த ஓட்டம் மிக அதிகமான உறுப்புகளில் தைராய்டு ஒன்று. (நாள் கிழமை இல்லாமல் சுரப்பதால் அந்தப் பெயர் என்று ஒரு பையன் எனக்கு விளக்கியிருக்கிறான். அவனுக்கு மார்க் போடலாம்.)

ஹார்மோனுக்கு 'இயக்குநீர்' நல்ல முயற்சி. 1905ல் லண்டனில் ஸ்டார்லிங் அந்தச் சொல்லை முதலில் பயன்படுத்தியபோது 'தூண்டிவிடு' என்ற பொருளுள்ள கிரேக்கச் சொல்லிலிருந்துதான் எடுத்தார். 'இயக்கு' சரி. 'நீர்' எங்கிருந்து வந்தது? அந்த அம்மா சாப்பிட்டுக்கொண்டிருந்தது 50 மைக்ரோகிராம் மாத்திரை. அதிலுள்ள மருந்தை ஒரு வருஷத்துக்குச் சேர்த்தால் 18 மில்லிகிராம், ஏறக்குறைய ஒரு அரிசி மணி. இதில் நீர் என்று தேடினால் திருநீர்மலை ஏரிக்குத்தான் போக வேண்டும்.

யாழ்ப்பாணம் மானிப்பாயில் டாக்டர் சாமுவேல் ஃபிஸ்க் கிரீன் என்ற அமெரிக்கர் இருந்தார். 1847ல் வந்தவர். பிறகு தமிழிலேயே மேல்நாட்டு வைத்தியம் சொல்லிக்கொடுத்தார். 1872ல் கிரேயின் அனாடமியை 'மனுஷ அங்காதிபாதம்' என்று தமிழில் கொண்டுவந்தார். தமிழில் சொல் கிடைத்தால் தமிழ், இல்லாவிட்டால் சம்ஸ்கிருதம், அதுவும் ஒத்துவராவிட்டால் ஆங்கிலச் சொல்லையே தமிழ் எழுத்தில், இது அவர் வழி. எனக்கு இந்த முறையில் சண்டை இல்லை. தைராய்டு என்பதைத் தமிழ்ச் சொல்லாகவே ஏற்றுக்கொண்டாகிவிட்டது, பூக்காரம்மாவுக்கும் தெரியும். கிரீன் 1884ல் இறந்தபோது ஹார்மோன் என்ற வார்த்தையே பிறக்கவில்லை. நமக்கு அந்தச் சால்ஜாப்பு கிடையாது.

என் புகார் பெயர்ச்சொல் மேல் இல்லை, வினைச்சொல் மேல். 'இருக்கு' என்று சொன்னால் அடுத்தது 'போயிருச்சு' வந்தே தீரும். காய்ச்சல் இருக்கு, போயிருச்சு. மஞ்சள் காமாலை இருந்துச்சு, போயிருச்சு. அந்த அம்மாவிடம் இருந்தது ஓர் 'இல்லை'. சுரக்க வேண்டியது போதுமான அளவு சுரக்கவில்லை. இல்லாத ஒன்று எப்படிப் போகும்? ரிப்போர்ட்டில் நார்மல் என்று வந்தது மாத்திரையின் கைங்கரியம். கண்ணாடி போட்டதும் எழுத்து தெளிவாகத் தெரிகிறது, இனி கண்ணாடி எதற்கு என்று கழற்றி வைத்த மாதிரி.

இதில் பத்திரிகைகளின் பங்கு சின்னதல்ல (நான் எழுதுவதும் பத்திரிகையில்தான்). 'தைராய்டை விரட்டும் கீரைகள்', 'தைராய்டுக்கு குட்பை' என்று தலைப்புகள். பாவம், அது கழுத்தில் சும்மா உட்கார்ந்திருக்கிறது, அதை ஏன் விரட்ட வேண்டும்? அந்த மாத்திரையை 'மருந்து' என்று எழுதுவதும் பாதி உண்மைதான். உடம்பு செய்ய வேண்டிய அதே பொருளை வெளியே தயாரித்துக் கொடுக்கிறார்கள். 1891ல் இங்கிலாந்தில் ஜார்ஜ் மர்ரே என்ற டாக்டர் ஆட்டுத் தைராய்டைப் பிழிந்து சாறெடுத்து ஒரு பெண்ணுக்கு ஊசி போட்டார். அந்தப் பெண் 28 வருஷம் வாழ்ந்தார், அத்தனை வருஷமும் அதைத் தொடர்ந்துகொண்டு. இந்தக் கதையை எந்தக் கீரைக் கட்டுரையிலும் நான் பார்த்ததில்லை.

எல்லாவற்றுக்கும் உப்பைக் குற்றம் சொல்வது இன்னொரு பழக்கம். தைராக்ஸினுக்கு அயோடின் தேவை, வாஸ்தவம். தூத்துக்குடியையும் வேதாரண்யத்தையும் வைத்துக்கொண்டு, 2018-19 கணக்கெடுப்பில் போதுமான அயோடின் உள்ள உப்பு சாப்பிடும் வீடுகளில் தமிழ்நாடு 61.9 சதவிகிதத்தோடு கடைசி இடம் என்பது வெட்கக்கேடு. ஆனால் நகரத்துப் பெண்மணிகளுக்கு வரும் தைராய்டு குறைவுக்குப் பெரும்பாலும் காரணம் வேறு. உடம்பின் காவல் படையே வழிதவறிச் சுரப்பியைத் தாக்குகிறது. இதில் உப்பை மாற்றிப் பயனில்லை.

வினைச்சொல் தப்பினால் பெரியவர்களுக்கு மூச்சு வாங்கும். பச்சைக் குழந்தைக்கு இழப்பு வேறு விதம். நம் நாட்டில் ஏறக்குறைய ஆயிரம் குழந்தைகளில் ஒன்று இந்த 'இல்லை'யோடு பிறக்கிறது. அதற்குப் பாட்டிமார்கள் தரும் சர்டிபிகேட், 'என்ன சமத்து பாரு, அழவே மாட்டேங்குது, பால் குடிச்சதும் தூங்கிடுது.' அந்தச் சமர்த்துதான் சில சமயம் நோயின் அடையாளம். பிறந்த சில நாளில் குதிகாலில் ஒரு சொட்டு ரத்தம் எடுத்தால் தெரிந்துவிடும். இரண்டு வாரத்துக்குள் மாத்திரையை ஆரம்பித்தால் மூளை மற்றக் குழந்தைகளைப் போலவே வளரும். மாதக்கணக்கில் தள்ளிப்போனால், பிறகு எத்தனை மாத்திரை கொடுத்தாலும் போனது திரும்பாது. இந்த டெஸ்ட்டை எல்லா ஆஸ்பத்திரியிலும் தானாக எடுப்பதில்லை. கேட்டு வாங்க வேண்டியிருக்கிறது. கேட்க வேண்டுமானால், பெயரையாவது எங்காவது படித்திருக்க வேண்டும்.

திருமங்கையாழ்வார் இந்த மலையைச் சுற்றி நீர் சூழ்ந்திருந்ததால் ஆறு மாதம் காத்திருந்து தரிசித்தார் என்று தலபுராணம். இந்த அம்மாவும் ஆறு மாதம் பொறுமையாகத்தான் இருந்திருக்கிறார். நான் டாக்டர் இல்லை, இருந்தாலும் கண்ணாடி உதாரணத்தைச் சொன்னேன். முதலில் எழுதிக்கொடுத்த டாக்டரையே போய்ப் பாருங்கள், நீங்களாக நிறுத்தக் கூடாது என்றேன். யோசித்தார்.

"அப்போ டெஸ்ட்ல நார்மல்னு போட்டிருந்தது பொய்யா சார்?"

"நிஜம்தாம்மா. மாத்திரை போட்டதால நார்மல்."

"அதை யாரும் சொல்லலையே." எழுந்து கொசுவத்தைச் சரிசெய்துகொண்டார். "ஆயுசு பூராவும் போடணுமா?"

"அநேகமா அப்படித்தான் இருக்கும். டாக்டர் சொல்லுவார்."

நாலு படி ஏறிவிட்டுத் திரும்பினார். "மாத்திரை கூட பரவாயில்ல சார். வெறும் வயித்துல போட்டுட்டு அரை மணி நேரம் காபி குடிக்காம இருக்கச் சொல்றாங்களே, அதான் முடியல."

அதற்கு என்னிடம் பதில் இல்லை. மேலே போய் நரசிம்மரைப் பார்த்தோம்.