ஜங்கரின் புள்ளி

ஜங்கர் சிங் ஷ்யாமைப் பழங்குடிக் கலை என்று ஒதுக்கிவிடுவது நமக்கு வசதி. பர்தான் கோண்டுகள் பானா என்ற நரம்புக்கருவி வாசித்துத் தெய்வங்களைப் பாடியவர்கள். அத்தெய்வங்களுக்குத் தாளில் உருவம் தந்தவர் ஜங்கர். புள்ளிகளால் நிரப்பும் அந்த முறை அவருடையது. பதன்கரிலிருந்து அவரைப் போபால் பாரத் பவனுக்கு அழைத்துவந்தவர் ஜே. சுவாமிநாதன், சிம்லாவில் பிறந்த தமிழர். 1989-இல் பாரிஸில் கண்காட்சி. 2001-இல், ஜப்பானில் தங்கி வரைந்துகொண்டிருந்தபோது, தற்கொலை.

1971-இல் ஆஸ்திரேலியப் பாலைவனத்தில் பாப்புன்யா ஓவியர்கள் பலகையில் வரையத் தொடங்கியபோதும் இதே கேள்விதான்: சடங்கு சந்தைக்கு வந்தபின் மிஞ்சுவது என்ன? ஜங்கரில் மிஞ்சுவது ஒரு தனிமனிதனின் கை. மரபு என்று புகழ்ந்து நாம் அழிப்பது அதைத்தான்.

ஸ்ரீபெரும்புதூர் கிளையில் கணக்குத் தொடங்க வந்த திண்டோரித் தொழிலாளியிடம் ஆவலோடு ஜங்கர் பெயரைச் சொன்னேன். பாஸ்புக் எப்போது கிடைக்கும் என்று கேட்டார் அவர். நானும் அவரிடம் மரபைத்தான் தேடியிருக்கிறேன்.