பெயர் சொன்னால் நெடுவரிசை வரும்: மைக்ரோசாஃப்ட் கிராஃபின் எக்செல் ஏபிஐ

எக்செல் கோப்பில் உள்ள ஓர் அட்டவணையிலிருந்து வேண்டிய நெடுவரிசைகளை மட்டும் இணையம் வழியே எடுத்துத் தருகிறது மைக்ரோசாஃப்ட் கிராஃப் ஏபிஐ. ஒரு நூலகத்தின் புத்தகப் பட்டியலை வைத்து இதைச் சோதித்துப் பார்த்தேன். தலைப்பு, ஆசிரியர், விலை, வாங்கிய தேதி என்று எளிய பட்டியல்தான். கோப்பு, அலுவலகக் கணக்கின் ஒன்டிரைவிலோ ஷேர்பாயின்ட்டிலோ இருக்க வேண்டும். பழைய எக்ஸ்எல்எஸ் வடிவம் செல்லாது, எக்ஸ்எல்எஸ்எக்ஸ் மட்டுமே.

எனக்கு மிகவும் பிடித்தது, நெடுவரிசையைப் பெயர் சொல்லியே கேட்க முடிவதுதான். 'சி2 முதல் சி500 வரை' என்று கட்டங்களின் முகவரியை நம்பி எழுதிய நிரல், யாரோ நடுவில் ஒரு நெடுவரிசையைச் செருகிய அன்றே தடுமாறிவிடும். விலையைக் கேட்டால் ஆசிரியர் பெயர் வரும். இங்கே 'விலை' என்று கேட்டால், அது எந்த இடத்துக்கு நகர்ந்திருந்தாலும் விலைதான் வரும். பலர் கைபடும் கோப்புக்கு இதைவிடப் பெரிய பாதுகாப்பு வேறில்லை.

ஒவ்வொரு நெடுவரிசைக்கும் அடையாள எண், பெயர், 0 இலிருந்து எண்ணும் இட எண், மதிப்புகள் ஆகிய நான்கும் ஜேசான் வடிவில் வருகின்றன. மதிப்புகளில் முதலில் நிற்பது நெடுவரிசையின் தலைப்புதான். அதை நீக்கிவிட்டுத்தான் கூட்டல் கழித்தலுக்குப் போக வேண்டும். நெடுவரிசைகளின் பெயர்கள் மட்டும் போதுமென்றால், கோரிக்கையில் 'செலக்ட்' சேர்த்துக் கேளுங்கள். இல்லாவிட்டால் அட்டவணை முழுவதும் வந்து இறங்கும்.

தேதியில்தான் கவனம் வேண்டும். 2024 ஜனவரி 1 என்று கோப்பில் தெரிவது, மதிப்பாக வரும்போது 45292. எக்செல் தேதிகளை நாள் எண்ணிக்கையாகவே வைத்திருக்கிறது. லோட்டஸ் 1-2-3 மென்பொருளோடு ஒத்துப்போவதற்காக 1900ஐ லீப் ஆண்டாகக் கணக்கிட்ட பழைய ஏற்பாடு இன்னும் தொடர்வதால், இக்காலத் தேதிகளை 1899 டிசம்பர் 30இலிருந்து எண்ணினால்தான் சரியாக வரும். இந்தக் கணக்கே வேண்டாம் என்பவர்கள், அந்த நெடுவரிசையின் 'டேட்டா பாடி ரேஞ்ச்'சைக் கேட்டு அதிலுள்ள 'டெக்ஸ்ட்' பகுதியை எடுத்துக்கொள்ளலாம். திரையில் தெரிவது அப்படியே வரும், தலைப்பு வரியும் ஒட்டிக்கொண்டு வராது. நான் பெரும்பாலும் இந்த வழியில்தான் போகிறேன்.

தமிழ்த் தலைப்புகள் பதிலில் பிசகாமல் வருகின்றன. ஆனால் கோரிக்கையின் முகவரியில் அவற்றைக் குறியேற்றம் செய்துதான் அனுப்ப வேண்டும்; 'பெயர்' என்ற சின்னச் சொல்லே அங்கே 45 எழுத்துகளாக நீளும். அதைக் கையால் எழுதாமல், நிரல்மொழியின் செயல்கூற்றிடம் விட்டுவிடுங்கள்.

குறை என்றால் அனுமதி விஷயம். நெடுவரிசைகளைப் பட்டியலிடுவதற்கே, கோப்பில் எழுதும் உரிமையையும் சேர்த்துத் தரச் சொல்கிறது மைக்ரோசாஃப்டின் ஆவணம். வாசிக்க மட்டும் வந்த செயலிக்கு இது அதிகம். அடுத்தடுத்து நிறையக் கோரிக்கைகள் அனுப்பினால் 429 என்ற மறுப்பும் வரும். எவ்வளவு நேரம் காத்திருக்க வேண்டும் என்பதை அதனுடன் வரும் 'ரீட்ரை ஆஃப்டர்' சொல்லும்.

ஊழியர்கள் எக்செலிலேயே பராமரிக்கும் பட்டியலை இணையதளத்தில் காட்ட வேண்டுமா? தயங்காமல் இதைப் பயன்படுத்தலாம். வருகிற ஒவ்வொருவருக்காகவும் கோப்பைத் திறக்காமல், ஒரு நகலை உங்கள் பக்கம் வைத்துக்கொள்ளுங்கள். நிரல் எழுதத் தொடங்குமுன் அட்டவணைக்கு நீங்களே ஒரு பெயர் வையுங்கள். தலைப்புகளை மாற்ற வேண்டாமென்று கோப்பைக் கையாளும் எல்லோரிடமும் சொல்லிவிடுங்கள்.